இடப்பக்கம் திரும்பினால் மட்டும்

அந்தச் சத்தம் வேறு எங்கும் வராது. சரியாகப் பள்ளிக்கூட வாசலில்தான் வரும்.

அளவெட்டியிலிருந்து உடுவில் வரை, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் தம்பிஐயாவின் சாம்பல் நிற மொறிஸ் கார் நல்ல பிள்ளையாக ஓடும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்ததும் சிறிய மதகொன்றின் மேல் ஏறி, இடப்பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பும் அந்த நேரத்தில், “கர்ர்ர்ரக்” என்று ஒரு சத்தம். துருப்பிடித்த தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுத்ததுபோல.

வாசலில் நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

“மாவரைக்கிற மில் வந்திட்டுது” என்று யாராவது ஒருத்தி சொல்வாள்.

காருக்குள் ஐந்து பிள்ளைகள். முன்னால், தம்பிஐயாவுக்குப் பக்கத்தில், பாலர் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். பின்னால் இடப்பக்கம் கமலாவதி, நடுவில் பத்மாசினி, வலப்பக்கம் குணலட்சுமி. சத்தம் கேட்டதும் கமலாவதி புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். குணலட்சுமி தலையைக் குனிந்துகொள்வாள். பத்மாசினிக்கும் கூச்சம்தான். ஆனால் கூச்சத்தைவிட அவளுக்கு ஆசை பெரிது. அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அறியும் ஆசை.

பத்மாசினிக்குப் பதினொரு வயது. எதையும் கழற்றிப் பார்க்க வேண்டும் அவளுக்கு. வீட்டுத் தையல் மெசினை ஒருமுறை கழற்றினாள். திரும்பப் பூட்டியும் விட்டாள். ஓர் ஆணி மட்டும் மிஞ்சியது. அந்த ஆணி இல்லாமலே மெசின் இப்போதும் தைக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வரும்.

காரின் சத்தத்தால் மிகவும் வெட்கப்பட்டவர் தம்பிஐயாதான். காலையில் எழுந்து காரைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்துக்கொண்டு வருவார். வாசலில் அது ஊரைக் கூட்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்.

அவர் சும்மா இருக்கவில்லை. மானிப்பாயில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த யாகோப்பிடம் காரைக் கொண்டுபோனார். யாகோப்பு நான்கு சில்லுகளையும் கழற்றினார். பெயரிங்குகளைக் கழுவிக் கிறீஸ் பூசினார். பிறகு தானே காரை எடுத்துக்கொண்டு சந்து பொந்தெல்லாம் ஓட்டிப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை.

“தம்பிஐயா, காருக்கு ஒண்டும் இல்லை. காதுக்கு ஆரையும் போய்ப் பார்” என்றார் யாகோப்பு.

வெள்ளிக்கிழமை தம்பிஐயா தன் வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கோயிலின் வெளிவீதியை மூன்று முறை சுற்றினார். நான்கு மூலையிலும் நன்றாக ஒடித்துத் திருப்பினார். சத்தம் வரவில்லை.

“பிள்ளையாரே சாட்சி. கார் திருந்திட்டுது” என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அது மறுபடியும் “கர்ர்ர்ரக்” என்றது.

அடுத்த வாரம் குணலட்சுமிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் அவள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் கார் வாசலில் பூனைபோலத் திரும்பியது. மூன்றாம் நாள் குணலட்சுமி வந்தாள். சத்தமும் வந்தது.

பத்மாசினியின் மூளையில் ஒரு கதவு திறந்தது. அன்று பின்னேரம் எல்லோரும் காரில் ஏறியதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“நான் கண்டுபிடிச்சிட்டன்” என்றாள்.

“என்னத்தை?” என்றாள் கமலாவதி.

“சத்தத்தை. அது எல்லா நாளும் வாறேல்லை. குணா வலப்பக்கம் இருந்தால்தான் வருது. குணா வராட்டி வாறேல்லை. நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.”

காருக்குள் ஒரு கணம் எல்லோரும் யோசித்தார்கள். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

“அப்ப கத்துறது கார் இல்லை. குணாவைத் தூக்கேலாமல் சில்லுத்தான் கத்துது” என்றாள் கமலாவதி. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன் கண்ணாடியில் தம்பிஐயாவின் மீசையும் சற்று அசைந்தது.

குணலட்சுமி வகுப்பிலேயே உருண்டு திரண்ட பிள்ளை. கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. வெறும் புகையிலைத் தோட்டம்தான்.

தான் என்ன செய்துவிட்டாள் என்பது பத்மாசினிக்கு அப்போதுதான் விளங்கியது. காதுமடல் சுட்டது. ‘நான் காரைப் பற்றித்தானே சொன்னேன்’ என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் மனதுக்குள்ளேயே நொண்டியது.

மறுநாள் குணலட்சுமியின் ஒழுங்கை முகப்பில் அவள் நிற்கவில்லை. அவளுடைய அம்மா நின்றார்.

“அவள் இனி பஸ்ஸிலை போறாளாம். என்னெண்டு கேட்டால் சொல்லுறாளில்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ பிள்ளையள்?”

தம்பிஐயா கியரை மாற்றினார்.

அன்று வாசலில் சத்தம் வரவில்லை. பத்மாசினி சொன்னது அப்படியே பலித்துவிட்டது. ஒரு கணக்குச் சரியாக வந்ததற்காக அவள் வெட்கப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

பஸ் பிந்தி வந்தது. காலைப் பிரார்த்தனை தொடங்கிவிட்டதால் குணலட்சுமி மண்டபத்துக்கு வெளியே தனியாக நின்றாள். யன்னல் வழியே அவளுடைய இரட்டைப் பின்னலைக் கண்டதும் பத்மாசினிக்குத் தேவாரத்தின் அடுத்த வரி மறந்துபோனது.

இடைவேளையில் குணலட்சுமி வேப்ப மரத்தடியில் இருந்தாள். சாப்பாட்டுப் பெட்டி மடியில் இருந்தது. புட்டில் பாதிக்கு மேல் காகங்களுக்குப் போயிருந்தது.

பத்மாசினி பக்கத்தில் போய் நின்றாள். இருப்பதா நிற்பதா என்று தெரியவில்லை.

“குணா, நான் உன்னைச் சொல்லேல்லை. காரைத்தான் சொன்னனான்.”

“என்ரை பேரைத்தானே சொன்னனீ?” என்றாள் குணலட்சுமி.

ஒரு காகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“ஓம். உன்ரை பேரைத்தான் சொன்னனான்” என்றாள் பத்மாசினி கடைசியில்.

குணலட்சுமி ஒரு பிடி புட்டை எடுத்தாள். காகத்துக்குப் போடவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

“எனக்கு முந்தியே தெரியும்” என்றாள் மெல்ல. “நான் இருக்கிற இடத்துக்குக் கீழை, மதகிலை ஏறேக்கை ‘டக்’ எண்டு ஒண்டு இடிக்கும். அதுக்குப் பிறகுதான் சத்தம் வரும். கன நாளா இடிக்குது.”

“ஏன் ஆருக்கும் சொல்லேல்லை?”

“என்ரை பாரத்தாலை எண்டு நினைச்சன். அதைப் போய் ஆருக்குச் சொல்லுறது?”

பத்மாசினி மரத்தடியில் இருந்துவிட்டாள். தான் சொன்ன ஒரு வார்த்தை இப்போது அவளுக்கே வலித்தது. ஆனால் வலித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியும் முளைத்தது.

பாரம்தான் காரணம் என்றால், அதே பாரத்தை இடப்பக்கம் வைத்தாலும் இடிக்க வேண்டுமே? குணா ஒரு நாளாவது இடப்பக்கம் இருந்தாளா? இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது பத்மாசினிதானே!

சனிக்கிழமை தம்பிஐயாவின் காருக்கு வேறு வேலை. ஏரம்பு என்ற தோட்டக்காரரின் வெங்காய மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிப்போக வேண்டும். பத்மாசினி போனபோது ஏரம்பு மூட்டைகளைப் பின்சீற்றில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் வலப்பக்கம்.

“மாமா, எப்பவும் வலப்பக்கம்தானோ அடுக்கிறது?” என்று பத்மாசினி தம்பிஐயாவிடம் கேட்டாள்.

“ஏரம்பண்ணை மூட்டையளை விட்டுப் பிரியமாட்டார். மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சந்தையிலை முதல் ஆளா இறங்க வேணுமாம். அதாலை அவர் இடப்பக்கக் கதவோடைதான் இருப்பார்.”

“முந்தி இறங்கினால்தான் நல்ல விலைக்குக் கேப்பாங்கள்” என்றார் ஏரம்பு உள்ளேயிருந்து.

பத்மாசினி சட்டைப் பையிலிருந்து கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டொன்றை எடுத்தாள்.

“மாமா, சந்தைக்குப் போக முதல் ஒருக்கா நான் சொல்லுற மாதிரி ஓட்டுறியளோ? குணாவுக்காக.”

அந்தப் பெயரைக் கேட்டதும் தம்பிஐயா தலையைச் சொறிந்தார். “கண்ணாடியிலை நானும் சிரிச்சனான், பிள்ளை. அண்டு தொடங்கி எனக்கும் மனம் சரியில்லை. சரி, எங்கை ஓட்ட வேணும்? கோயில் வீதியிலையோ?”

“கோயில் வீதியிலை சத்தம் வராது மாமா.”

“ஏன் வராது?”

“கோயிலை எந்தப் பக்கமாச் சுத்துவியள்?”

“இதென்ன கேள்வி? வலமாத்தான். இடமா ஆர் சுத்துவினம்?”

“வலமாச் சுத்தினால் நாலு மூலையிலும் கார் வலப்பக்கம்தானே திரும்பும்? பள்ளிக்கூட வாசலிலை நாங்கள் இடப்பக்கம் திரும்புறம்.”

தம்பிஐயா காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பிள்ளையாரைச் சாட்சிக்கு அழைத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரிப் போனது.

வாசிகசாலைக்கு முன்னால் ஒரு வெறுங்காணி இருந்தது. கார் அங்கே போனது. பத்மாசினி பின்சில்லுகள் இரண்டுக்கும் மேலே, சேறு தெறிக்காமல் மூடியிருக்கும் மட்காட்டின் உள்விளிம்பில் கையை விட்டு, வெண்கட்டியை அழுத்தித் தேய்த்தாள். வெள்ளையாக ஒரு பட்டை விழுந்தது.

“இப்ப இடப்பக்கம் ஒடிச்சுத் திருப்புங்கோ மாமா.”

கார் ஒரு மேட்டில் ஏறி இடப்பக்கம் திரும்பியது. “கர்ர்ர்ரக்.”

பத்மாசினி ஓடிப்போய்ப் பார்த்தாள். இடப்பக்க மட்காட்டில் வெண்கட்டி அப்படியே இருந்தது. வலப்பக்க மட்காட்டில் அது சுரண்டி எடுத்ததுபோல் போயிருந்தது. சில்லின் ரயரில் வெள்ளைக் கோடு.

“ரயர் மட்காட்டிலை உரசுது” என்றாள் அவள்.

இது ஏன் என்று விளங்குவது கடினமில்லை. நீங்கள் பஸ்ஸில் போகும்போது பஸ் இடப்பக்கம் திரும்பினால் எந்தப் பக்கம் சாய்வீர்கள்? வலப்பக்கம். காரின் உடம்பும் அப்படித்தான். சில்லுகள் இடப்பக்கம் திரும்ப, மேலே இருக்கும் உடம்பு வலப்பக்கம் சாயும். அப்போது வலப்பக்கச் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். அந்தப் பக்கம் பாரமும் இருந்தால் இன்னும் குறையும். யாகோப்பு தனியாக ஓட்டியபோது பாரம் இல்லை. கோயிலைச் சுற்றியபோது பாரம் இருந்தது. ஆனால் உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. இரண்டு சோதனையும் சத்தத்தைத் தப்ப விட்டுவிட்டன. சந்தைப் பாதையிலோ மேடேறி இடப்பக்கம் ஒடிக்கும் திருப்பம் ஒன்றும் இல்லை.

“இனி மூட்டையளை இடப்பக்கம் மாத்துவம்” என்றாள் பத்மாசினி.

“அப்ப நான் எங்கை இருக்கிறது?” என்று கேட்டார் ஏரம்பு.

“நீங்கள் ஒருக்கா இறங்கி நில்லுங்கோ.”

“மூட்டையள் தனியப் போகவோ?”

“காணியைச் சுத்தித்தான் அண்ணை, கொழும்புக்கில்லை” என்றார் தம்பிஐயா.

ஏரம்பு இறங்கினார். ஆனால் காரோடு கூடவே ஓடினார். மூட்டைகள் இடப்பக்கம் இருக்க, கார் அதே மேட்டில் ஏறி இம்முறை வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. இப்போது பாரமெல்லாம் இடப்பக்கச் சில்லின் மேல் சாய்ந்தது.

சத்தம் இல்லை. இன்னொரு முறை திருப்பினார். சத்தம் இல்லை. இடப்பக்க மட்காட்டில் வெண்கட்டி அழியவே இல்லை.

“அதே மூட்டையள்” என்றாள் பத்மாசினி. “அந்தப் பக்கம் தாங்குது, இந்தப் பக்கம் தாங்கேல்லை. பிழை பாரத்திலை இல்லை மாமா. தாங்கிற இடத்திலைதான்.”

தம்பிஐயா சாக்கொன்றை விரித்துக் காருக்கடியில் படுத்தார். வெகு நேரம் சேற்றைச் சுரண்டினார். பிறகு அவருடைய குரல் மட்டும் வந்தது.

“பிள்ளை, இஞ்சை குனிஞ்சு இந்த ஸ்பிரிங்கைப் பார்.”

ஸ்பிரிங் என்றதும் பேனைக்குள் இருக்கும் சுருளை நினைத்துவிடாதீர்கள். அந்தக் காரின் பின்பக்க ஸ்பிரிங் சுருள் இல்லை. நீளமான இரும்புத் தகடுகளை வில்லுப்போல வளைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். கோடு போடும் ஓர் அடிமட்டத்தை இரண்டு புத்தகங்களின் மேல் பாலமாக வைத்து விரலால் அழுத்துங்கள், வளையும். நான்கு அடிமட்டங்களை அடுக்கி வைத்து அழுத்துங்கள். அவ்வளவு எளிதில் வளையாது. அவற்றில் ஒன்று முறிந்திருந்தால்? மற்றவை முன்னையைவிட அதிகமாக வளைந்துவிடும். அதுதான் நடந்திருந்தது. வலப்பக்க ஸ்பிரிங்கில், சேற்றுக்கும் கிறீசுக்கும் உள்ளே ஒரு தகடு இரண்டாக முறிந்து கிடந்தது.

தம்பிஐயா வெளியே வந்து மூட்டைகளைப் பார்த்தார். பிறகு ஏரம்புவைப் பார்த்தார்.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாத்தையும் ஒரே பக்கம் ஏத்தினம். பாவம், அந்தப் பிள்ளையைப் பகிடி பண்ணினம்.”

ஏரம்பு ஒரு மூட்டையை எடுத்து நடுவில் வைத்தார். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

யாகோப்பின் கராச் திங்கட்கிழமை பின்னேரம்தான் காரை எடுக்கும். ஆகவே திங்கட்கிழமை காலை ஒரு தடவை அந்தக் காரிலேயே போக வேண்டியிருந்தது.

“எல்லாரும் இடப்பக்கம் ஒதுங்கி இருங்கோ. சத்தம் வராது” என்றார் தம்பிஐயா.

“மாமா, ஒரு தடவை உரசினால் ரயருக்கு ஏதும் நடக்குமோ?” என்று கேட்டாள் பத்மாசினி.

“மெதுவாத் திருப்பினால் ஒண்டும் இல்லை. ஏன்?”

பத்மாசினி சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பின்னுக்கு அழைத்தாள். வலப்பக்கக் கதவோடு தான் இருந்தாள். கமலாவதியைத் தன்னோடு நெருங்கி இருக்கச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளை இருவர் மடியிலும் வைத்தார்கள். இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

“உனக்கென்ன விசரோ? வாசல் முழுக்கப் பாப்பினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு” என்றாள் கமலாவதி.

“எனக்கும்தான்” என்றாள் பத்மாசினி. “குணாவுக்கு அண்டைக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும்.”

கமலாவதி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நெருங்கி இருந்தாள்.

வாசல் வந்தது. அன்று பஸ் பிந்தவில்லை. குணலட்சுமி இறங்கி, மதகுக்குப் பக்கத்தில் நின்றாள். கார் மதகில் ஏறியது. சீற்றுக்குக் கீழே ‘டக்’ என்று இடித்தது. பத்மாசினியின் முதுகெலும்பு வரை அது கேட்டது. பிறகு கார் திரும்பியது.

“கர்ர்ர்ர்ர்ரக்.”

எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு எழுந்தது. பத்மாசினியின் முகம் தீப்போல எரிந்தது. ஆனாலும் இறங்கினாள்.

“குணா காருக்குள்ளை இல்லை” என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது. “நாங்கள்தான் இருந்தனாங்கள். எங்களுக்கும் கத்துது. ஸ்பிரிங்கிலை ஒரு தகடு முறிஞ்சு போச்சு. நான் அரைவாசியை மட்டும் பாத்திட்டு இவளின்ரை பேரைச் சொல்லிட்டன்.”

கமலாவதி புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. “பகிடி பண்ணினது நான்” என்று காலடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

குணலட்சுமி காரின் வலப்பக்கச் சில்லைக் குனிந்து பார்த்தாள்.

“அப்ப அந்த ‘டக்’?” என்று கேட்டாள்.

“அதுவும் அந்தத் தகடுதான். நீ முந்தியே சொல்லியிருந்தால் முந்தியே கண்டுபிடிச்சிருக்கலாம். நீ சொல்லாததுக்கும் நாங்கள்தான் காரணம்.”

குணலட்சுமி மட்காட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“இனி இடப்பக்கம் இருக்கிறியோ? நான் மாறுறன்” என்றாள் கமலாவதி.

“வேண்டாம். மாமாவுக்குப் பின்னாலைதான் நல்ல காத்து வரும்” என்றாள் குணலட்சுமி.

அன்று பின்னேரம் யாகோப்பு காருக்கடியில் ரோச் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நோயாளியை வீட்டிலை விட்டிட்டு வெறுங்கட்டிலுக்கு மருந்து பாத்திருக்கிறன்” என்றார்.

அவர் காரை ஜாக்கியில் உயர்த்தினார். வலப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றினார். முறிந்த தகட்டை எடுத்துவிட்டு அதே அளவில் வேறொரு தகட்டை வைத்துக் கட்டி இறுக்கினார். பிறகு கராச்சில் நின்ற தடித்த ஆட்கள் இரண்டு பேரை வலப்பக்கம் ஏற்றி, இடப்பக்கம் திருப்பி ஓட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஐந்து பேரும் ஏறினார்கள். குணலட்சுமி வலப்பக்கம் இருந்தாள். கார் மதகில் ஏறி, இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. சில்லு எதிலும் உரசவில்லை.